இருபத்தொன்று இன்னும் மலையில்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நான் சுகம். அந்த ஒரு வார்த்தையோடு விட்டால் நீ நம்பமாட்டாய், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். வலது மணிக்கட்டின் மாவுக்கட்டைப் போன வாரம் பிரித்துவிட்டார்கள். ஐந்து விரலும் மடங்குகின்றன, பேனாவும் பிடிபடுகிறது. எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தால் பழி மணிக்கட்டுக்குத்தான், மூளைக்கு இல்லை.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் நீ மூன்று சொல்கிறாய். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க" என்று ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முப்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு முறை அம்மா சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டுப் போ.

நீ அனுப்பிய விமான டிக்கெட்டை மாமா அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு பை ஆப்பிளும் அரை மணி நேர அறிவுரையும். ஆப்பிளை வைத்துக்கொண்டேன். வயதுக்குத் தகுந்தபடி இருக்கவேண்டும் என்றார். என் வயதுக்குத் தகுந்த காரியம் என்ன என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, உட்கார்ந்து டிவி பார்க்கலாமே என்றார். உன் அப்பா எந்த மலையிலும் ஏறியதில்லை. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பேப்பரோடு, ஐம்பத்தாறு வயதில் போனார். நாற்காலி பத்திரமான இடம் என்று என்னிடம் யாரும் சொல்லவேண்டாம் என்றேன். மாமா ஓர் ஆப்பிளை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

நான் மலையில் மாட்டிக்கொண்ட விஷயம் உனக்குத் தெரிந்ததே பேப்பரைப் பார்த்துத்தான். யாரோ படம்பிடித்து அனுப்பிவிட்டார்கள். "வழிதவறிய மூதாட்டிகள் மூவர் மீட்பு" என்று போட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். எனக்கு ஐம்பத்தெட்டு. ஓய்வுபெற இன்னும் பத்து மாதம் இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் மத்தியானம் மூன்றுவரை நின்றபடி வேலை பார்க்கிறேன். அவன் வந்து என்னோடு ஒரு நாள் நிற்கட்டும், யார் மூதாட்டி என்று தெரியும். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டதைவிட அந்த வார்த்தைதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் என் தோழி கேப்டனின் மகளும் போனில் பேசிக்கொள்கிறீர்களாம். நாங்கள் உங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த காலம் போய், நீங்கள் எங்களுக்காகப் பிள்ளைகள் கூட்டம் போடுகிறீர்கள். கூட்டத்தின் தீர்மானம் எனக்குத் தெரியும். கேப்டன் மாத முடிவில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய்விட வேண்டும். நான் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிட வேண்டும். இதற்கெல்லாம் காரணம் கேப்டன் வழியைத் தப்பவிட்டது. அவள் சகவாசம் இனி அம்மாவுக்கு வேண்டாம் என்று மாமாவிடமும் சொல்லியிருக்கிறாய்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். நீ பதறியதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை நீ சொல்லியிருக்கக்கூடாது. அப்பா போன பிறகு எட்டு மாதம் நான் வேலைக்குப் போவேன், வருவேன், படுப்பேன். அவ்வளவுதான். நீ வாரம் ஒருமுறை போன் செய்தாய், நான் நன்றாக இருக்கிறேன் என்று வாரம் ஒருமுறை பொய் சொன்னேன். எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருஷமாகப் படம் எடுப்பவள் கேப்டன், ஆளைப் பார்த்தாலே உள்ளே உடைந்திருப்பது தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, ஷூவைப் போடு என்றாள். எங்கே என்று கேட்டேன். மேலே என்றாள். அந்த 'மேலே'தான் நான்கு வருஷமாக மாதம் இரண்டு ஞாயிறு எங்களை இழுத்துப் போகிறது. மூன்றாவது ஆள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. ஊரையே தூங்கவைத்துவிட்டுத் தானும் தூங்கிவிடுவார். பாறை கிடைத்தால் போதும், தலையைச் சாய்த்துவிடுவார். வரிசை எப்போதும் ஒன்றுதான். முன்னால், அதனாலேயே கேப்டன் என்று பேர் வாங்கியவள், நடுவில் டாக்டரம்மா, கடைசியில் முழங்கால் வலியோடு நான்.

அன்றைக்குப் புது வழி. மலை முதுகுக்கு அந்தப்பக்கம் ஒரு சுனை இருக்கிறதென்று கேப்டன் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தாள். மரம் ஏற்றும் லாரிகள் போகிற மண்சாலையில் எங்களை இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. அப்போது சரியாக உன் போன் வந்தது. ஜாக்கிரதையாகப் போங்கள், வழுக்குப் பாறையில் கால் வைக்காதீர்கள், தண்ணீர் அதிகம் குடியுங்கள் என்று பதினோரு நிமிஷம் சொன்னாய். நினைவிருக்கிறதா? அந்தப் பதினோரு நிமிஷத்தில்தான் கேப்டன் டாக்டரம்மாவிடம் திட்டத்தை விளக்கினாள். புது வழியாக இருப்பதால் கட்டுத்துணியை முழ நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறேன், போகும்போது செடியில் கட்டிக்கொண்டே போவேன், திரும்பும்போது அதைப் பார்த்து இறங்குவோம் என்று. நீ ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டிருந்ததில், அன்றைக்கு ஒருத்தி செய்த ஒரே ஜாக்கிரதையான காரியம் என் காதில் விழாமல் போயிற்று. உன்மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் அதன் நுணுக்கத்தை நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் துணி எண்ணுவது என் பொறுப்பு. வயிற்றைத் திறந்தால் இரத்தத்தை ஒற்றி எடுக்க உள்ளே துணி வைப்பார்கள். ஆரம்பிக்குமுன் எண்ணுவேன், மூடுமுன் எண்ணுவேன். இரண்டும் ஒத்துவந்தால் "கணக்கு சரி" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் டாக்டர் தையலுக்குப் போவார். ஒன்று குறைந்தாலும் மூடக்கூடாது. உள்ளே எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது. முப்பது வருஷத்தில் நான்கு முறை கணக்கு உதைத்திருக்கிறது. நான்கு முறையும் அந்த நொடியிலேயே வாய்விட்டுச் சொன்னேன். ஒருமுறை பெரிய டாக்டர் என்மேல் சீறினார், கையிலிருந்த கத்தரிக்கோலைத் தட்டில் எறிந்தார். நான் அசையவில்லை. இருபது நிமிஷம் தேடி, ஈரலுக்குப் பின்னாலிருந்து அவரே எடுத்தார். அதற்குப்பிறகு என் வார்த்தை இல்லாமல் அவர் ஊசியைத் தொட்டதில்லை. உன் அம்மாவுக்கு இருக்கிற கர்வம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான்.

அப்படிப்பட்டவள் காட்டில் கடைசியாக நடந்து போகிறேன். நூறடிக்கும் இருநூறடிக்கும் ஒன்றாகப் புதரில் வெள்ளைத் துணி தொங்குகிறது. எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. டாக்டரம்மா தூக்கக் கலக்கத்தில் பாதை மாறிவிடுவார் என்று கேப்டன் கட்டுகிறாள் என நினைத்தேன். டாக்டரம்மா தாண்டிப் போய்விட்டார், எனக்குப் பின்னால் யாருமில்லை, இனி இது எதற்கு? கை தானாகப் போயிற்று. ஒரு சுருக்குதான், இழுத்தால் வந்துவிடும். எடுத்து உதறினேன், சுருட்டினேன், பைக்குள் போட்டேன். பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் மாட்டினேன். திரும்பி வருகிற வழி என்று ஒன்று இருக்கிறதே, அது என் புத்தியில் ஏறவே இல்லை. சுனையை அடைந்தபோது என் பையில் பத்துப் பத்தாக நான்கு கட்டும் மேலே ஒன்றும் இருந்தன. நாற்பத்தொன்று. ஒன்றுகூட விடாமல் எடுத்த திருப்தி வேறு.

சுனையைப் பற்றி உங்களில் யாரும் கேட்கவில்லை. உன் மனைவி மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், "தண்ணி எப்படி இருந்துச்சு அத்தை?" என்று. அவளிடம் சொல்: இடுப்பளவு, கண்ணாடித் தெளிவு, காலை வைத்ததும் உச்சந்தலைவரை குளிர். உடுத்திய உடுப்போடு மூன்று பேரும் இறங்கிவிட்டோம். டாக்டரம்மா மல்லாக்க மிதந்தபடியே குறட்டைவிட்டார். கேப்டன் என் தலையைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினாள். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. பிறகு ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றோம். அந்த ஒரு மணி நேரத்தை யார் வந்து தப்பு என்று சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இரண்டு மணிக்கு மேகம் திரண்டது. கிளம்பினோம். நடுவில் பிளந்த பெரிய பாறை ஒன்று, அதன் பக்கத்துச் செடியில்தான் கேப்டன் கடைசித் துணியைக் கட்டியிருந்தாள். அங்கே வந்து நின்றாள். செடியைப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள். இங்கே ஒன்று கட்டினேனே என்றாள். எதற்குக் கட்டினாய் என்று கேட்டேன். திரும்பி வர வழி தெரியத்தான், வேறெதற்கு என்றாள். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லவேண்டும், இப்போதே சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் சிரித்துவிட்டாள். "எனக்குக் கண்ணு போச்சு சிஸ்டர். இது நாம வந்த பாறை இல்ல" என்று இடதுபக்கம் திரும்பி நடந்தாள்.

அதுதான் நாங்கள் வந்த பாறை. துணி இல்லாததால் அவள் தன் கண்ணை நம்பவில்லை. துணி என் முதுகில் இருந்தது.

நான் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வெட்கம்தான், வேறென்ன? தியேட்டர் சிஸ்டர் செய்த வேலையைப் பார் என்று ஆயுள் முழுக்கச் சிரிப்பார்களே என்ற வெட்கம். எப்படியும் கேப்டன் வழியைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று என்னை நானே தாஜா செய்துகொண்டேன். கால் மணி நேரம் அப்படிப் போனோம். பாதை தேய்ந்து, சரளைக் கல் சரிவாகிவிட்டது. மேலே ஏறிப் பார்த்தால் சாலை தெரியும் என்று அவள் ஒரு கல்மேல் ஏறினாள். கல் உருண்டது. அவள் இரண்டு ஆள் உயரம் சறுக்கி ஒரு மரத்தடியில் போய் நின்றாள். அவளைப் பிடிக்கப் பாய்ந்ததில்தான் என் கை போயிற்று.

மகனே, இதைப் படித்துவிட்டு நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை. ஐந்து வாரமாக எல்லோரும் கேப்டனைத்தான் குறை சொல்கிறீர்கள். நீயும் சொன்னாய். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துணியை எடுத்தது பழக்கதோஷம், அதற்காக நான் தலைகுனியமாட்டேன். ஆனால் கணக்கு உதைத்த நொடியில் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அது பழக்கதோஷம் இல்லை. முப்பது வருஷத்தில் முதல்முறை.

இதோடு இன்றைக்குப் பேனாவை மூடுகிறேன். உனக்கு முன்னால் இதைக் கேட்கவேண்டிய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றுகிறது. சேலையை மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன். மீதி நாளைக்கு.

*

புதன்கிழமை. காலையில் சமையலறைக் குழாய் கழன்று தண்ணீர் கூரைக்கு அடித்தது. மாடியில் குடியிருக்கும் மெக்கானிக் வந்து ஐந்து நிமிஷத்தில் மாட்டிக்கொடுத்தான். தனியாக இருந்தால் யார் உதவுவார் என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் இது.

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். மரத்தடியில் கேப்டன் தன் கணுக்காலைப் பார்த்தாள். "ரெண்டு இடத்துல போயிருக்கு. படமே எடுக்க வேணாம்" என்றாள். சிக்னல் கிடையாது. மழை தூற ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா, சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குத்தான் அவர் முழுதாக விழித்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு நேரான கிளையை ஒடித்துக் காலின் இருபக்கமும் வைத்தார், கட்ட ஏதாவது கொடு என்று கையை நீட்டினார். கட்ட என்னிடம் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். இடது கையால் பையைத் திறந்து நான்கு கட்டையும் மேலே இருந்த ஒன்றையும் எடுத்து மடியில் வைத்தேன்.

கேப்டன் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வலியைத் தவிர வேறொன்று வந்து போயிற்று. எத்தனை என்று கேட்டாள். நாற்பத்தொன்று என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னாள்: "அப்போ அந்தப் பொளந்த பாறைதான் சரி. அங்கேருந்து நேரா எறங்குங்க. சாலை வந்துடும்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இருபது துண்டு அவள் காலுக்குப் போயிற்று. மீதி இருபத்தொன்றை டாக்டரம்மா எடுத்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டிவர வழி தெரியவேண்டும் என்று செடிகளில் கட்டிக்கொண்டே இறங்கினார். இரண்டு மணி நேரத்தில் மரம் ஏற்றும் லாரிக்காரர்கள் நான்கு பேர் அந்தத் துணிகளைப் பார்த்தே எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். பலகையில் கேப்டனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான்தான் கடைசி. ஒவ்வொரு துணியாகத் தாண்டி வந்தேன். ஒன்றையும் தொடவில்லை.

லாரியில் என் தோளில் சாய்ந்துகொண்டு அவள் காதோடு சொன்னாள்: "வெளிய சொல்லிடாத. நான் வழிய விட்டுட்டேன்னு இருக்கட்டும். நான் தப்பாப் படம் எடுத்தா இன்னொண்ணு எடுத்துக்கலாம். உன் கணக்கு மேல சந்தேகம் வந்தா உன்னை உள்ளயே விடமாட்டாங்க."

அவள் சொன்னாள் என்பதற்காக நானும் இருந்துவிட்டேன். சௌகரியமாக இருந்தது, அதுதான் உண்மை. ஆனால் ஒரு பொய்யை நான்கு பேர் தினமும் முகத்துக்கு நேரே சொன்னால், சொன்னவளுக்கே அது உண்மையாகிவிடும் போலிருக்கிறது. போன வாரம் பார்க்கப் போனபோது, நான் ரெண்டு பேரையும் கொல்லப் பார்த்தேன், மகளோடு போய்விடுகிறேன், இனி மலை கிலை வேண்டாம் என்றாள். அவள் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லை அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

நேற்று கேப்டன் வீட்டுக்குத்தான் போனேன். அவள் மகள் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், மரியாதையான பெண். உட்காருங்கள் ஆன்ட்டி என்றாள். நின்றுகொண்டே சொன்னேன். துணியை எடுத்தது நான், பாறையில் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான், உன் அம்மா சொன்ன வழி கடைசிவரை சரியாகத்தான் இருந்தது என்றேன். அவள் கையில் ஒரு தட்டு பாதி சுற்றியபடி அப்படியே நின்றது. ஐந்து வாரமாக என் அம்மாவை நான் என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தயவுசெய்து போய்விடுங்கள் என்றாள். அவள் சொன்னது நியாயம். திரும்பினேன்.

உள்ளறையிலிருந்து கேப்டன் கூப்பிட்டாள். ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வந்து நின்றாள். மகளிடம் சொன்னாள்: "அவ போனா நானும் போறேன். இந்தக் காலோடயே போவேன். பாக்குறியா?"

மகள் தட்டைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பயமாயிருந்தது அம்மா, போனில் செய்தி வந்தபோது நீ இருக்கிறாயா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை என்றாள். அதைக் கேட்டுக் கேப்டனும் அழுதாள். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து மூன்று டம்ளரை வெளியே எடுத்து டீ போட்டேன்.

முடிவு இதுதான். கட்டுப் பிரிக்கும்வரை, அதாவது இன்னும் ஒரு மாதம், கேப்டன் மகள் வீட்டில் இருப்பாள். வீட்டைக் காலி செய்யவில்லை. சாவி என்னிடம். மகள் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அது கொஞ்ச நாள் ஆகும், ஆகட்டும். நான் வாசலில் செருப்பை மாட்டும்போது கேப்டன் கேட்டாள், அந்த இருபத்தொன்று இன்னும் மலையில்தானே இருக்கிறது என்று. ஆமாம் என்றேன். பிறகு எப்படி மூடுவது என்றாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள்.

மகனே, இப்போது டிக்கெட். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். புறப்படும் தேதி இருக்கிறது. திரும்பும் தேதி இல்லை. அதை யாரும் மறந்து விட்டுவிடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ பத்தொன்பது வயதில், தெரியாத ஊருக்குப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அங்கே பனி கொட்டும் என்றார்கள், பாஷை தெரியாது, சொந்தம் இல்லை. எனக்குப் பயம் இல்லை என்றா நினைக்கிறாய்? இரண்டு வருஷம் போன் மணி அடிக்கும்போதெல்லாம் என் கை சில்லிட்டுப் போகும். ஆனால் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னேனா? உன் அப்பா சொல்லச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். உன் காலைக் கட்டிப்போட எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். அந்த மரியாதையைத்தான் இப்போது உன்னிடம் கேட்கிறேன். கெஞ்சவில்லை. எனக்கு வரவேண்டியதைக் கேட்கிறேன்.

நான் வருவேன். உன் வீட்டைப் பார்க்கவேண்டும், மருமகள் கையால் சாப்பிடவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? ஓய்வு பெற்ற மறுவாரம் வருகிறேன், ஆறு வாரம் இருக்கிறேன். அதற்கேற்பத் தேதியை மாற்று, திரும்பும் தேதியோடு. அங்கே நல்ல மலை ஷூ கிடைக்குமென்று மருமகள் சொன்னாள். எனக்கு ஒரு ஜோடி, கேப்டனுக்கு இரண்டு ஜோடி. அவள் கணுக்காலுக்குள் தகடு வைத்திருப்பதால் இடது காலுக்கு ஓர் அளவு பெரிதாக வேண்டும். ஒரே ஜோடியில் இரண்டு அளவு எவனும் விற்கமாட்டான்.

அவள் நடக்க ஆறு மாதமாகும் என்கிறார்கள். அவள் இல்லாமல் நாங்கள் போகமாட்டோம். அவள் நடந்ததும் மூன்று பேரும் போவோம், அதே வழியில். கிளம்புமுன் யாருடைய போனையும் எடுக்கமாட்டேன், கேப்டன் சொல்வதை முதலில் கேட்பேன். அதுமட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். போகாதே என்று மட்டும் சொல்லாதே. சொன்னாலும் போவேன், அதனால் வீணாகச் சொல்லாதே.

கேப்டன் காலில் கட்டிய இருபதையும் அவசரப் பிரிவில் வெட்டி எறியப் பார்த்தார்கள். நான் விடாமல் அவிழ்த்து வாங்கிக்கொண்டேன். வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒன்று இந்த உறையில் இருக்கிறது, முகத்தைச் சுளிக்காதே, சுத்தமானது. பத்தொன்பது என்னிடம், இருபத்தொன்று மலையில், ஒன்று உன்னிடம். கணக்கு சரியாகும்வரை எதையும் மூடக்கூடாது என்பது எங்கள் சட்டம். என்னை யாரும் இப்போதே தைத்து மூடவேண்டாம்.

அந்தத் துணியை உன் வீட்டு வாசலில், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் கட்டிவை. நான் வந்து கண்டுபிடித்துக்கொள்வேன். அதை மட்டும் என் கை எடுக்காது.

நீங்கள் இருவரும் நீண்ட காலம் சேர்ந்து நடக்கவேண்டும். உங்கள் வழி எங்கேயாவது தப்பினால், யார் தப்பு என்று பாராமல் அந்த நொடியிலேயே ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். கால் மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அம்மா உனக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம் இதுதான்.

இப்படிக்கு,
கடைசியாக வந்தாலும் வந்து சேர்ந்துவிடும்
உன் அம்மா